“ரூம் என்ன, ராத்திரி தூங்கத்தானே?”

வெளிநாட்டுப் பயணம் என்று பேச்செடுத்த ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். கூடத்தில் இருக்கும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அத்தோடு தங்குமிடம் பற்றிய பேச்சு முடிந்து, விமான டிக்கெட்டுக்கும் சூட்கேஸ் எடைக்கும் நகர்ந்துவிடுகிறது. இவ்வளவு சுலபமாக எல்லோரும் ஒத்துப்போகிற இந்த வாக்கியம் தவறு என்பது என் கட்சி. சாதாரணப் பயணத்தில் அது பாதித் தவறு. மணிவிழா, வெள்ளிவிழாக் கல்யாண நாள், தேனிலவு என்று வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் பயணத்தில் அது முழுத் தவறு.

அவர்கள் தரப்பை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு யூரோவுக்கு 90 ரூபாய்க்கு மேல் கொடுத்துப் போகிறோம். பணத்துக்கு எல்லை உண்டு. ஊர் பார்க்கத்தான் போகிறோம், அறைச் சுவரைப் பார்க்க அல்ல. கண்ணை மூடினால் மெத்தை எந்த ஊர் மெத்தை என்று யாருக்குத் தெரியும்? சுத்தமான படுக்கை, வெந்நீர், பூட்டுள்ள கதவு இருந்தால் போதும். மிச்சமாகும் பணத்தில் இன்னும் இரண்டு இடம் பார்க்கலாம், அல்லது பிள்ளைகளின் படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். இப்படிச் சொல்கிறவர்கள் கஞ்சர்கள் அல்ல. சிறுகச் சிறுகச் சேர்த்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கடல் கடந்தவர்கள். அவர்களுடைய சிக்கனத்தை நான் மதிக்கிறேன். அந்தச் சிக்கனம் எந்த இடத்தில் கத்தி வைக்கிறது என்பதில்தான் எனக்குச் சண்டை.

1. எட்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டது யார்?

அறையின் பயன் நாம் தூங்கும் நேரம் மட்டும்தான் என்பது இந்த வாதத்தின் அடித்தளம். அது எப்படிச் சரிகிறது என்பதை வெனிஸைப் போலக் காட்டும் ஊர் வேறில்லை.

வெனிஸ் கடற்காயலுக்கு நடுவே இருக்கும் ஊர். 1846-இல் ரயில் பாலமும் 1933-இல் சாலைப் பாலமும் அதை நிலப்பரப்போடு இணைத்தன. நிலத்துப் பக்கம் இருக்கும் ஊர் மெஸ்ட்ரே. அங்கிருந்து ரயிலேறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெனிஸ் சாந்தா லூசியா நிலையம். மெஸ்ட்ரேயில் அறை மலிவு, பெரிது, லிஃப்டும் இருக்கும். நம்மூர் டூர் பேக்கேஜ்களில் வெனிஸ் என்று அச்சிட்டிருக்கும் இரவுகளில் பல நிலப்பரப்பில்தான் கழிகின்றன. “பத்து நிமிஷம்தானே சார்” என்பார்கள். ரயிலைப் பொறுத்தவரை அது உண்மை.

ஆனால் வெனிஸின் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பகல் பயணிகள் காலையில் பாலம் தாண்டி வந்து குவிகிறார்கள். பன்னிரண்டு மணிக்கு ரியால்டோ பாலத்தில் முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. நெரிசல் தாளாமல் 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில், பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் நகராட்சி நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அந்தக் கட்டணம் காலை 8:30 முதல் மாலை 4 மணி வரை வருகிறவர்களுக்கு மட்டும். நெரிசல் எந்த நேரத்து நோய் என்பதை ஊரே கடிகாரம் வைத்துச் சொல்லிவிட்டது. மாலை மங்கிக் கூட்டம் ரயிலேறிய பிறகு சந்துகளில் காலடிச் சத்தம் கேட்கும். காலை ஆறு மணிக்குக் கார் இல்லாத அந்த ஊருக்குள் காய்கறியும் குடிநீர்ப் புட்டியும் படகில் வந்து இறங்கும். குப்பை படகில் போகும். வாசல் கூட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பார்கள். இவ்வளவு செலவழித்து நாம் பார்க்கப் போன வெனிஸ் அதுதான்.

மெஸ்ட்ரேயில் தங்கியவர் காலை உணவு முடித்து, ரயில் பிடித்து, ஒன்பதரை மணிக்குக் கூட்டத்தோடு வருகிறார். களைத்துப் போய் ஏழு மணிக்குக் கூட்டத்தோடு திரும்புகிறார். மெஸ்ட்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள் வருவதால் நுழைவுக் கட்டணத்திலிருந்து அவருக்கு விலக்கு உண்டு. சட்டப்படி அவர் அந்த ஊரில் தங்கியவர். ஊரை அவர் பார்த்த நேரமோ முழுக்கப் பகல் பயணியின் நேரம். மூன்று நாளும் அந்த நெரிசலை மட்டுமே பார்த்துவிட்டு, “வெனிஸ் ஒண்ணும் பெரிசா இல்லை, ஒரே கூட்டம்” என்று ஊருக்கு வந்து சொல்கிறார். அவர் மலிவாக்கியது அறையை மட்டும் அல்ல.

2. மிச்சம் என்கிறீர்களே, எதைக் கழித்துவிட்டு?

அறை வாடகையில் மிச்சமானதைச் சொல்கிறார்கள். வழியில் கரைந்த நேரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. ஓட்டலிலிருந்து மெஸ்ட்ரே நிலையத்துக்கு நடை, ரயிலுக்குக் காத்திருப்பு, பாலம், பிறகு சாந்தா லூசியாவிலிருந்து நீர்ப்பேருந்து. வாப்பொரெட்டோ என்கிறார்கள். பெருங்கால்வாய் வழியாக ஒவ்வொரு துறையாக நின்று போகும் 1-ஆம் எண் படகு சான் மார்க்கோ சேர ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். ஒற்றைப் பயணச் சீட்டு ஒருவருக்கு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். முதல் நாள் அந்தப் படகுப் பயணமே ஒரு காட்சி, அதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் மாலை, நிற்க இடமில்லாத படகில் வீங்கிய காலோடு தொங்கிக்கொண்டு திரும்புவது காட்சி ஆகாது.

அப்பாவின் மணிவிழாவை ஒட்டி நாங்கள் நான்கு பேர் இத்தாலி போனோம். எட்டு நாள். விசா, விமானம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 8 லட்சம் ரூபாய். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் விழித்திருந்தோம் என்று வைத்தால் மொத்தம் 112 மணி நேரம். மணிக்கு ஏழாயிரம் ரூபாய்க்குச் சற்று அதிகம். மெஸ்ட்ரேக்குப் போய்வந்ததில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், மூன்று நாளுக்கு ஆறு மணி நேரம் போயிற்று. ஏறக்குறைய 43,000 ரூபாய் பெறுமான நேரத்தை நான் ரயில் நடைமேடையிலும் படகுத்துறையிலும் கொட்டினேன். மெஸ்ட்ரேயைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அன்று அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

3. இந்தச் சிக்கனத்தின் சுமையைத் தூக்குவது யார்?

குடும்பத்தில் யாருடைய உடம்பு தளர்ந்திருக்கிறதோ அவர். முப்பது வயதுக்காரனுக்கு அறை தூங்க மட்டும்தான். அறுபதை நெருங்கிய, முழங்கால் தேய்ந்த ஒருத்திக்கு அறை என்பது மதியம் இரண்டு மணிக்குக் காலை நீட்டும் இடம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கண்ணயரும் இடம், நல்ல கழிப்பறை. அறை பக்கத்தில் இருந்தால் அவருடைய நாள் இரண்டு பாதியாகப் பிரியும். காலையில் பார்க்கலாம், மதியம் படுக்கலாம், வெயில் தாழ்ந்து மறுபடி கிளம்பலாம். அறை தொலைவில் இருந்தால் அவருக்கு முன்னால் இருப்பது ஒரே நீளமான பகல்.

வெனிஸில் பாலங்கள் நானூறுக்கு மேல். பெரும்பாலானவை படிக்கட்டுப் பாலங்கள், ஏறி இறங்காமல் அடுத்த தெருவுக்குப் போக முடியாது. இரண்டாம் நாள் மூன்று மணிக்கு அம்மா சான் மார்க்கோ சதுக்கத்தின் ஓரம் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சதுக்கத்தில் தரையிலும் படிகளிலும் உட்காரக் கூடாது, அபராதம் உண்டு. சீருடை அணிந்த ஒருவர் வந்து மரியாதையாகத்தான் சைகை காட்டினார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “நீங்க எல்லாம் பாத்துட்டு வாங்கப்பா, நான் அந்த ஸ்டேஷன்ல போய் உக்காந்திருக்கேன்” என்றார். அந்த ஸ்டேஷனுக்குப் போகவும் படகுதான். மீதி மாலை நாங்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை.

“எங்க அம்மா நல்லா நடப்பாங்க” என்று சிலர் சொல்லக்கூடும். பெற்றோர் வெளிநாட்டில் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளை செலவழித்து அழைத்து வந்திருக்கிறான் என்ற நினைப்பிலேயே நடப்பார்கள். அவர்கள் சொல்லவில்லை என்பதை வைத்து வலி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

4. சமையலறை உள்ள வீடு எடுத்தால் மலிவு. யாருக்கு?

இது அதே வாதத்தின் இன்னொரு கிளை. ஓட்டல் வேண்டாம், அபார்ட்மென்ட் எடுப்போம், அரிசியும் பருப்பும் ரசப்பொடியும் கொண்டுபோவோம், சின்னக் குக்கர் ஒன்று பெட்டியில் போகட்டும். சைவம் தவிர வேறு தொடாத பெரியவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால் அடுப்பு பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் இருபத்தைந்தாம் கல்யாண நாள் என்று பயணம் வைத்துவிட்டு, அந்த நாளின் காலையில் மனைவி ஆறு மணிக்கு எழுந்து எலுமிச்சைச் சாதம் கிளறிக் கட்டிக்கொண்டிருந்தால் அது யாருடைய விடுமுறை? வீட்டில் செய்யும் வேலையை, பழகாத பாத்திரத்தில், பழகாத அடுப்பில், பாஷை தெரியாத ஊரில், அவர் செய்கிறார். சாப்பாட்டுச் செலவில் குறைந்த தொகை அவருடைய உழைப்பிலிருந்து வந்தது. அடுப்புள்ள வீடு எடுப்பதானால், எடுப்பதற்கு முன்பே யார் சமைப்பது என்று பேசிவிட வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

5. தங்குமிடமே ஊராக இருக்கும் இடங்களில் என்ன செய்வீர்கள்?

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். 1972-இல் குரும்பாவில் முதல் ரிசார்ட் திறந்த காலத்திலிருந்து அங்கே வழக்கம் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். ரிசார்ட்டைத் தேர்ந்தெடுத்தவுடன் உங்கள் கடற்கரை, உங்கள் சாப்பாடு, உங்கள் பவளப்பாறை, பேசக் கிடைக்கும் மனிதர்கள் எல்லாமே முடிவாகிவிடுகின்றன. சாப்பாடு பிடிக்கவில்லை என்று பக்கத்துத் தெருவுக்குப் போக முடியாது. பக்கத்தில் தெருவே இல்லை. “தூங்கத்தானே” என்ற வாக்கியம் இங்கே கால் ஊன்றக்கூட இடமில்லாமல் நிற்கிறது.

மாலத்தீவைப் பற்றி இன்னொரு பொதுக்கருத்தும் உண்டு. தண்ணீர் மேல் நிற்கும் வில்லா கிடைத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் ஒன்றே என்பது. தேனிலவுக்குப் போகிற பிள்ளைகள் படத்தைப் பார்த்து அறையை எடுத்துவிடுகிறார்கள். கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும் என்று யாரும் சொல்வதில்லை. மாலையில் மாலே வந்து இறங்கினால் அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே எங்காவது படுக்க வேண்டும், வில்லாவில் ஓர் இரவு போயிற்று. விளம்பர விலைக்கு மேல் தனியாக வருவன பல: போக்குவரத்து, சேவைக் கட்டணம், 2025 ஜூலை முதல் 17 சதவீத வரி, 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. வில்லாவுக்குக் கீழே மீன்கள் நீந்தும் பாறை இருக்கிறதா, வெறும் மணல் தளமா என்பது தீவுக்குத் தீவு மாறும். விரைவுப் படகில் போய்விடக்கூடிய, நல்ல பாறை கரைக்குப் பக்கத்திலேயே உள்ள ஒரு தீவின் கடற்கரை அறை, மணல் மேல் நிற்கும் விலையுயர்ந்த வில்லாவைவிடப் பல ஜோடிகளுக்குச் சிறந்தது. மாஃபுஷி போல மக்கள் வாழும் தீவுகளில் உள்ள விருந்தினர் விடுதிகளும் நல்லவைதான். அங்கே மது கிடையாது, உடை விஷயத்தில் ஊர்க் கட்டுப்பாடு உண்டு, வீடுகளும் பள்ளிவாசலும் மீன்பிடிப் படகுகளும் உள்ள உண்மையான ஊர். அதை விரும்பித் தேர்ந்தெடுங்கள். ரிசார்ட்டின் மலிவுப் பதிப்பு என்று நினைத்துப் போனால் இரண்டுமே கிடைக்காது.

ஜப்பானின் கினோசாகி இன்னும் தெளிவான சாட்சி. கியோட்டோவிலிருந்து இரண்டரை மணி நேர ரயில். 1925 நிலநடுக்கத்தில் அழிந்து மறுபடி கட்டப்பட்ட வெந்நீரூற்று ஊர். ஆற்றோரம் வில்லோ மரங்கள், ஏழு பொதுக் குளியலகங்கள், சுற்றிலும் ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதிகள். விடுதியில் கொடுக்கும் யுகாதா அங்கியையும் மரச் செருப்பையும் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குளியலகமாக நடந்து போகலாம். தங்கியவர்களுக்கு விடுதியே அனுமதிச் சீட்டுத் தரும். ரயில் நிலையம் வாசல், தெரு தாழ்வாரம், விடுதிகள் அறைகள் என்று முழு ஊரையும் ஒரே வீடாக நினைக்கிற மக்கள் அவர்கள். ரியோகானில் விலை பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கும், இரவு உணவும் காலை உணவும் அதில் சேர்த்தி. இரவு உணவு ஆறு, ஏழு மணிக்கு. நீங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் பாய்த்தரையில் மெத்தை விரித்துவிடுவார்கள். ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்குப் படுக்க மட்டும் வந்தால், கொடுத்த பணத்தில் பெரும்பகுதி உண்ணப்படாமல், குளிக்கப்படாமல் போகும். சைவர்கள் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியாக வேண்டும், அவர்களுடைய சாற்றுக்கு அடிப்படையே உலர்ந்த மீன். தரையில் படுத்து எழ முடியாதவர்களுக்குக் கட்டில் உள்ள அறை கேட்க வேண்டும்.

அங்கே 1913-இல் எழுத்தாளர் ஷிகா நாவோயா ரயிலில் அடிபட்ட காயம் ஆற வந்து தங்கினார். அந்தத் தங்கலிலிருந்து ‘கினோசாகியில்’ என்ற சிறுகதை 1917-இல் வந்தது. நவீன ஜப்பானிய உரைநடையில் இன்றும் பேசப்படும் கதை. விடுதி அறைக்கு வெளியே கூரையில் செத்துக் கிடந்த தேனீ ஒன்றை அவர் கவனித்தது அந்தக் கதையில் வருகிறது. அறையில் உட்கார்ந்து வெளியே பார்த்த ஒருவருக்குக் கிடைத்தது அது. அறையை நேரம் வீணாகும் இடம் என்று நினைப்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

6. மிச்சப் பணத்தில் இன்னொரு ஊர்?

பத்து நாளில் ஏழு நாடு பார்த்தவர்களிடம் மூன்றாவது ஊரில் மாலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் இருந்தோம் என்பார்கள். ஊரைக் கூட்டக் கூட்ட ஒவ்வோர் ஊரிலும் அதிகாலையும் அந்தியும் சாலைக்குப் போய்விடுகின்றன. பணம் போதவில்லை என்றால் ஓர் ஊரை வெட்டுங்கள், ஓர் இரவைக் குறையுங்கள். மெஸ்ட்ரேயில் மூன்று இரவுக்குப் பதில் தீவுக்குள் இரண்டு இரவு. செலவு ஏறத்தாழ அதேதான் வரும்.

7. அப்படியானால் ஐந்து நட்சத்திர ஓட்டலா?

என்னை மறுக்கிறவர்கள் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள். நான் அதைச் சொல்லவே இல்லை. நட்சத்திரம் ஓட்டலுக்குள் இருக்கும் வசதியை அளக்கும். வாசலைத் தாண்டினால் என்ன இருக்கிறது என்று அளக்காது. வெனிஸ் தீவுக்குள்ளேயே கன்னியாஸ்திரிகள் நடத்தும் எளிய விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. கன்னரேஜோ, கஸ்தெல்லோ பகுதிகளில் ஆடம்பரம் இல்லாத சின்ன விடுதிகளும் இருக்கின்றன. அறை நம் வீட்டுப் பூஜையறை அளவுதான் இருக்கும். இருக்கட்டும். தீவுக்குள் எதை எடுத்தாலும் சரி என்றும் நினைக்க வேண்டாம், பல பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. விடுதிக்கு எழுதி மூன்று கேள்வி கேட்க வேண்டும்: படகுத்துறையிலிருந்து எத்தனை பாலம் ஏறி இறங்க வேண்டும், அறை எந்த மாடி, லிஃப்ட் உண்டா. பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். பேக்கேஜில் போகிறவர்கள், ஓட்டல் பெயருக்குப் பக்கத்தில் “அல்லது அதற்கு இணையான” என்று போட்டிருப்பதைப் பார்த்தால், இணையான ஓட்டல் எந்த ஊரில் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

சிக்கனம் நம் மரபு என்பார்கள். அந்த மரபையே பார்ப்போம். காசிக்குப் போகிற நம்மவர்களுக்காக நகரத்தார் கட்டிய சத்திரம் விசுவநாதர் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. இடம் மலிவாகக் கிடைக்கும் என்று அவர்கள் ஊருக்கு வெளியே போய்க் கட்டவில்லை. தேர்த் திருவிழாவுக்கு மாட வீதியில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல் நாளே போய்த் திண்ணையில் பாய் விரித்தார்கள் நம் பாட்டன்மார். திண்ணைதான், பாய்தான். ஆனால் தேர் வாசலோடு போகும். படுக்கையில் சிக்கனம் பிடித்தார்கள், இடத்தில் பிடிக்கவில்லை.

8. “அடுத்த தடவை பார்த்துக்கலாம்.”

இதைச் சொல்லித்தான் நானும் அம்மாவைச் சமாதானப்படுத்தினேன். சாந்தா லூசியா நிலையத்தில் மெஸ்ட்ரே ரயிலுக்காக நின்றபோது, “ராத்திரி இங்க லைட்டெல்லாம் போட்டா எப்படிடா இருக்கும்?” என்று அவர் கேட்டார். அடுத்த தடவை உள்ளேயே தங்குவோம்மா என்றேன். மறு வருடம் அவருக்கு இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை ஆயிற்று. அதன்பின் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இருவரும் இப்போது மதுரை தாண்டிப் போவதில்லை. ரசீதுகளை எடுத்து வைத்து ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். இரண்டு அறை, மூன்று இரவு, தீவுக்குள் நான் விசாரித்து வேண்டாம் என்று விட்ட விடுதிக்கும் மெஸ்ட்ரே ஓட்டலுக்கும் வித்தியாசம் 22,000 ரூபாய்.